மலிவு டாலரின் விலை

2014 ஜூனில் பீப்பாய்க்கு 115 டாலர் வரை விற்ற பிரெண்ட் கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்கை எண்ணெயிலிருந்தே பெற்றுவந்த நைஜீரியாவின் பொருளாதாரம் 2016இல் 1.6 விழுக்காடு சுருங்கியது. கால் நூற்றாண்டில் அந்நாடு கண்ட முதல் சரிவு அது. விலை விழுந்தது, நாடும் விழுந்தது என்று கணக்கை இத்துடன் முடித்துவிடலாம். அப்போது வெளிவந்த கட்டுரைகள் பலவும் அப்படித்தான் முடித்தன. 2022ஐ எடுத்துக்கொண்டால் இந்தக் கணக்கு உதைக்கிறது. உக்ரைன் போர் தொடங்கியபின் எண்ணெய் 100 டாலரைத் தாண்டி விற்ற மாதங்களில், நைஜீரிய அரசு எண்ணெய் நிறுவனம் நாட்டின் பொதுக் கணக்கில் ஒரு காசுகூடச் செலுத்தவில்லை. அந்த ஆண்டின் செப்டம்பரில் கச்சா எண்ணெய் உற்பத்தி நாளொன்றுக்குப் பத்து லட்சம் பீப்பாய்க்கும் கீழே இறங்கியது. கூட்டாட்சி அரசின் வருவாயில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கடனுக்கான தவணையும் வட்டியுமாகவே கரைந்தது. விலை விழுந்ததால் 2016 வந்தது என்றால், விலை ஏறியபோது வந்த 2022ஐ எதைக்கொண்டு விளக்குவது? நைஜீரியாவின் நெருக்கடிகளை எண்ணெய் விலையின் வரைபடத்தில் தேடுவதைவிட, டாலரை யாருக்கு எந்த விலையில் கொடுப்பது என்று அந்நாட்டு ஆட்சியாளர்கள் எடுத்த முடிவுகளில் தேடுவது பலன் தரும். விலைச் சரிவு அங்கே ஓர் அடி மட்டுமே. அந்த அடியை ஒப்புக்கொள்ளாமல் ஆண்டுக்கணக்கில் ஒத்திப்போட்டதுதான் அதை நோயாக்கியது. ஒத்திப்போட்டதற்கு அறியாமை காரணமன்று. அதற்குத் தெளிவான ஆதாயக்காரர்கள் இருந்தார்கள். அவர்களையும் தாண்டிய ஓர் ஆழமான காரணமும் இருந்தது.

முதலில் ஓர் எளிய வகுத்தல். 2014 வாக்கில் நைஜீரியா நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லட்சம் பீப்பாய் எடுத்தது. மக்கள்தொகை 18 கோடியை ஒட்டியிருந்தது. ஆண்டுக்குத் தலைக்கு நான்கு பீப்பாய். 100 டாலர் விலையில் அது 400 டாலர், 50 டாலர் விலையில் 200. எடுக்கும் செலவும் ஷெல், செவ்ரான் போன்ற நிறுவனங்களின் பங்கும் கழிந்தபின் எஞ்சுவது இன்னும் குறைவு. இதே கணக்கில் குவைத்தில் தலைக்குச் சுமார் 250 பீப்பாய், சவூதி அரேபியாவில் நூறுக்கு மேல். ஆக, முழு எண்ணெய்ப் பணத்தையும் ஒரு காசு களவு போகாமல் பகிர்ந்தாலும் நைஜீரியர் எவரும் செல்வந்தராகிவிட மாட்டார். அந்தப் பணத்தால் செழிக்கக்கூடியது அரசாங்கம் ஒன்றுதான். அதையும் அதை நெருங்கி நிற்கும் சில ஆயிரம் பேரையும் வாழவைக்க அது தாராளமாகப் போதும். நாட்டின் மொத்த உற்பத்தியில் எண்ணெயின் பங்கு பத்து விழுக்காட்டை ஒட்டியே இருக்க, அரசு வருவாயில் அதன் பங்கு நல்ல ஆண்டுகளில் 70 விழுக்காட்டைத் தாண்டியது. மக்கள் ஒரு பொருளாதாரத்திலும் அவர்களுடைய அரசு இன்னொன்றிலும் வாழ்கிற இந்த விலகலை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வருவது புரியும்.

எண்ணெய் டாலர்கள் மத்திய வங்கிக்குள் போகின்றன. அவற்றின் நைரா மதிப்பு பொதுக் கணக்கில் சேர்கிறது. மாதந்தோறும் 36 மாநிலங்களின் நிதிப் பொறுப்பாளர்கள் தலைநகர் அபுஜாவில் கூடி அதைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். எண்ணெய் எடுக்கும் மாநிலங்களுக்கு 13 விழுக்காடு தனியாகப் போய்விடும். எஞ்சியதில் கூட்டாட்சி அரசுக்குப் பாதிக்குச் சற்று மேல், மாநிலங்களுக்குக் கால் பங்குக்குச் சற்று மேல், 774 உள்ளாட்சிகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. நாளிதழ்களின் கண் எப்போதும் இந்தப் பங்கீட்டின் மேல்தான். உண்மையில் இதற்கு முன்பே இன்னொரு பங்கீடு சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடுகிறது. டாலரை நைராவாக்கும் விகிதத்தை யார் முடிவு செய்கிறார்களோ அவர்களே முதல் பங்கீட்டாளர்கள். ஒரு டாலருக்கு 200 நைரா என்று வைத்தால் மாநிலங்களுக்குப் போகும் பணம் ஓர் அளவு. 350 என்று வைத்தால் வேறோர் அளவு. இடையிலுள்ள 150 நைரா எங்கும் மறைந்துபோவதில்லை. 200 நைராவுக்கு டாலர் வாங்க முடிந்தவரின் பையில் அது தங்கிவிடுகிறது.

இந்தக் கதைக்கு நீண்ட முன்வரலாறு உண்டு. 1956இல் நைஜர் கழிமுகத்தின் ஒலோய்பிரியில் எண்ணெய் கிடைக்கும்வரை, வடக்கே காணோவில் கோபுரமாக அடுக்கிய நிலக்கடலை மூட்டைகளும் மேற்கின் கோகோவும் கிழக்கின் பாமாயிலுமே நாட்டின் ஏற்றுமதி. 1973க்குப் பிறகு எண்ணெய் விலை நாலு மடங்கானபோது நைராவின் மதிப்பும் ஏறியது. வெளிநாட்டு அரிசியும் கோதுமையும் உள்நாட்டு விளைபொருளைவிட மலிந்தன. உழவர்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தார்கள். யாகூபு கோவோனின் இராணுவ ஆட்சி இரண்டு கோடி டன் சிமென்டுக்கு ஆர்டர் கொடுத்து, அதை இறக்க இடமில்லாமல் 1975இல் நானூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் லாகோஸ் துறைமுகத்துக்கு வெளியே மாதக்கணக்கில் காத்துக்கிடந்தன. காத்திருந்த நாளுக்கெல்லாம் கப்பல்காரர்களுக்குத் தாமதக் கட்டணம் வேறு. சிமென்டை விற்பதைவிடக் கடலில் சும்மா நிற்பது லாபம் என்று கண்டவர்களும் இருந்தார்கள். 1981க்குப் பிறகு விலை சரியத் தொடங்கியது. 1980இல் சுமார் 2,500 கோடி டாலராக இருந்த எண்ணெய் வருவாய் 1986இல் அதன் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. ஆயினும் 1985 வரை ஒரு டாலருக்கு ஒரு நைராகூட இல்லாத விகிதமே நீடித்தது. டாலர் குறைந்தது, டாலரின் விலை மட்டும் ஏறவில்லை. அப்படியானால் யாருக்குக் கிடைக்கும் என்பதை உரிமச்சீட்டுதான் முடிவு செய்ய வேண்டும். ஷெஹு ஷகாரியின் மக்களாட்சிக் காலத்தில் இறக்குமதி உரிமச்சீட்டு கட்சிக்காரர்களின் செல்வமானது. அரிசி இறக்குமதிக் குழுவின் தலைவராக இருந்த அமைச்சர் உமாரு டிக்கோ, ஆட்சி கவிழ்ந்தபின் லண்டனுக்குத் தப்பினார். 1984 ஜூலையில் அங்கே கடத்தப்பட்டு, விமானத்தில் ஏற்றவிருந்த மரப்பெட்டிக்குள்ளிருந்து மீட்கப்பட்டார். துப்பறியும் கதை எழுதுபவர்கூடத் தயங்கும் இந்தத் திருப்பத்துக்குப் பின்னால் இருந்தது கட்டுப்பாட்டு விலை டாலர்.

சரிவு தொடங்கியதும் ஆட்சியாளர்கள் கைநீட்டிக் காட்டியது வெளியாரை நோக்கி. 1983 ஜனவரியில் ஏறத்தாழ 20 லட்சம் குடியேறிகள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் கானாவைச் சேர்ந்தவர்கள். அவர்கள் உடைமைகளைத் திணித்துக்கொண்டு போன கட்டம் போட்ட பை இன்றும் மேற்கு ஆப்பிரிக்காவில் ‘கானா மஸ்ட் கோ’ என்ற பெயரில் விற்கிறது. அவ்வாண்டின் கடைசி நாளில் ஷகாரி கவிழ்க்கப்பட, தளபதி முகம்மது புஹாரி ஆட்சிக்கு வந்தார். நைராவின் மதிப்பைக் குறைக்கச் சொன்ன பன்னாட்டு நிதியத்துக்கு அவர் மறுத்துவிட்டார். 1984 ஏப்ரலில் நில எல்லைகளை மூடினார். பதுக்கிய பணத்தைச் செல்லாததாக்க நோட்டுகளின் நிறத்தை மாற்றினார். வரிசையில் நிற்காதவர்களைப் படைவீரர்கள் சாட்டையால் அடித்தார்கள். டாலர் மட்டும் வரவில்லை. 1985 ஆகஸ்டில் அவரைக் கவிழ்த்த இப்ராகிம் பபங்கிடா, நிதியத்தின் கடனை ஏற்கலாமா என்று நாடு முழுக்க விவாதம் நடத்தினார். வேண்டாம் என்றது நாடு. கடனை மறுத்ததாக அறிவித்துவிட்டு, அதன் நிபந்தனைகளை மட்டும் 1986இல் தாமாகவே நிறைவேற்றினார். அவ்வாண்டு முடிவதற்குள் டாலர் மூன்று நைராவைத் தாண்டியது. மக்களிடம் ஒரே ஒருமுறை கேட்டார்கள். அவர்கள் சொன்ன பதிலைத் தூக்கி எறிந்தார்கள். சீர்திருத்தம் என்ற பேச்சு எடுத்தாலே நைஜீரியத் தொழிற்சங்கங்கள் இன்றுவரை பதறுவதற்கு இந்த நினைவும் ஒரு காரணம்.

இதற்கெல்லாம் ஊழல் என்ற ஒற்றைச் சொல் போதாதா என்று கேட்கலாம். நைஜீரிய ஊழலின் அளவை மறைக்க ஒன்றுமில்லை. 20 பில்லியன் டாலர், அதாவது 2,000 கோடி டாலர் எண்ணெய்ப் பணம் கணக்குக்கு வரவில்லை என்று 2014இல் மேலவைக் குழுவிடம் சொன்ன மத்திய வங்கி ஆளுநர் சனுசி லமிடோ சனுசி, அதே மாதம் பதவியிலிருந்து நிறுத்தப்பட்டார். ஆனால் இந்தோனேசியாவை அருகில் வைத்துப் பார்த்தால் இந்த விளக்கம் குறைபடுகிறது. அதுவும் எண்ணெய் ஏற்றுமதி நாடு, மக்கள்தொகை மிகுந்த நாடு, இராணுவம் ஆண்ட நாடு. சுகார்த்தோ குடும்பத்தின் கொள்ளை உலகறிந்தது. அந்நாடு 1978இல், எண்ணெய் விலை மீண்டும் ஏறவிருந்த காலத்திலேயே, ரூபியாவின் மதிப்பைக் குறைத்தது. 1983இல் மறுபடி குறைத்தது, 1986இல் இன்னொரு முறை. எண்ணெய்ப் பணத்தில் உரத்துக்கும் பாசனத்துக்கும் செலவிட்டு எண்பதுகளின் நடுவில் அரிசியில் தன்னிறைவை எட்டியது. இரு ஆட்சிகளும் திருடின என்பதில் ஐயமில்லை. அவை யாருக்கு அஞ்சின என்பதில்தான் வேறுபாடு. அறுபதுகளின் கடும் பணவீக்கத்தையும் ஜாவா கிராமங்களின் கொந்தளிப்பையும் கண்டு பதவிக்கு வந்த சுகார்த்தோ உழவர்களுக்கு அஞ்சினார். நைஜீரிய ஆட்சிகள் லாகோஸ் நகரவாசிகளுக்கும், இராணுவ முகாம்களுக்கும், உரிமச்சீட்டை நம்பி வாழ்ந்த தரகர்களுக்கும் அஞ்சின. எண்ணெய் நாடு என்பதாலேயே இந்த விதி வந்தது என்று சொல்ல முடியாது. பொதுவாகப் பேசப்படும் ‘எண்ணெய்ச் சாபம்’ என்ற வாதம் எனக்குச் சோம்பலான வாதமாகவே படுகிறது.

2014இல் நைஜீரியா வெற்றிக் களிப்பில் இருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் மொத்த உற்பத்திக் கணக்கை மறுசீரமைத்து, தென் ஆப்பிரிக்காவை முந்தி, கண்டத்தின் முதல் பொருளாதாரமாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. ஆனால் 2008 இறுதியில் 2,000 கோடி டாலரை ஒட்டியிருந்த எண்ணெய்ச் சேமிப்புக் கணக்கில், விலை மூன்றாண்டுகளுக்கும் மேலாக 100 டாலரைத் தாண்டி நின்றும், 2015 தொடக்கத்தில் எஞ்சியது ஏறத்தாழ 200 கோடி. சேமிப்பே அரசமைப்புக்கு முரண் என்று மாநில ஆளுநர்கள் வாதிட்டு மாதாமாதம் பங்கு வாங்கித் தீர்த்திருந்தார்கள். குட்லக் ஜோனதன் அரசு 2014 நவம்பரிலும் 2015 பிப்ரவரியிலும் தயங்கித் தயங்கி நைராவை இறக்கியது. அவ்வாண்டு மார்ச்சில் நடந்த தேர்தலில், பதவியிலிருக்கும் அதிபர் ஒருவரைத் தோற்கடித்த முதல் வேட்பாளராக வந்தவர் வேறு யாருமல்ல, அதே புஹாரி. இம்முறை வாக்குச்சீட்டு வழியாக. முப்பதாண்டு முன்பு செய்ததையே அவர் செய்தார். 197 நைரா என்ற விகிதத்தை 2016 ஜூன் வரை பிடித்து நின்றார்கள் அவரும், மத்திய வங்கி ஆளுநர் காட்வின் எமிஃபியெலேயும். 2015 ஜூனில் 41 வகைப் பொருள்களின் இறக்குமதிக்கு வங்கி டாலர் கிடையாது என்று பட்டியல் வெளிவந்தது. அரிசி, சிமென்ட், தக்காளி விழுது, பல்குத்தும் குச்சி, தனியார் ஜெட் விமானம் என்று நீண்ட அந்தப் பட்டியலில் இந்திய ஊதுபத்தியும் இடம் பிடித்தது. அமெரிக்கா ஷேல் எண்ணெயால் தன்னிறைவை நெருங்கி நைஜீரிய எண்ணெயைக் கைவிட்டபின் அதன் மிகப் பெரிய வாடிக்கையாளராக எழுந்தது இந்தியா. எண்ணெய் வாங்கும் நாட்டின் ஊதுபத்தி எந்த அளவுக்கு டாலரைத் தின்றிருக்கும் என்பது பட்டியல் போட்டவர்களுக்கே வெளிச்சம்.

வெளிச்சந்தையில் டாலர் 350 நைராவை எட்டியது. ரேஷன் கடை அரிசி பின்வாசல் வழியாக வெளிச்சந்தைக்குப் போவதைப் போலத்தான் இங்கும் நடந்தது. அரசு விலையில் பத்து லட்சம் டாலர் வாங்கி வெளியே விற்றவருக்குக் கிடைத்த லாபம் 15 கோடியே 30 லட்சம் நைரா. அன்றைய குறைந்தபட்ச மாத ஊதியம் 18,000 நைரா. அதாவது ஒரு தொழிலாளியின் எழுநூறு ஆண்டுக் கூலி ஒரே ஒப்பந்தத்தில். இந்தச் சலுகையை யார் பெற்றார்கள் என்பதற்கு இரகசிய ஆவணம் தேவையில்லை. பெட்ரோல் இறக்குமதியாளர்களுக்கு முன்னுரிமை. வெளிநாட்டில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களுக்கு வழி திறந்திருந்தது. விகிதம் தளர்த்தப்பட்ட பிறகும் 2016 ஆகஸ்டில் ஹஜ் பயணிகளுக்கு 197 நைராவிலேயே டாலர் தரப்பட்டது. இதற்கு விலை கொடுத்தவர்களையும் எளிதில் அடையாளம் காணலாம். எண்ணெய் டாலர் ஒவ்வொன்றும் வெளிச்சந்தை விலைக்குப் பதிலாக 197 நைராவாகப் பொதுக் கணக்கில் சேர்ந்ததால், விலைச் சரிவில் ஏற்கெனவே தவித்த மாநிலங்கள் மேலும் வறண்டன. 2015இல் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஆசிரியர்களுக்கும் செவிலியர்களுக்கும் மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. ஓசுன் போன்ற மாநிலங்களில் சிலகாலம் பாதிச் சம்பளம்தான். லண்டனில் கல்விக் கட்டணம் கட்டிய குடும்பத்துக்கு மானியம் தந்தவர், சம்பளம் வராத ஊர்ப்புறப் பள்ளி ஆசிரியர். இதை அவரிடம் எவரும் சொல்லவில்லை. பட்ஜெட்டில் இப்படி ஒரு வரி இல்லாததால் தொழிற்சங்கங்களும் இதை எதிர்க்கவில்லை. நைராவைக் காப்பாற்றுங்கள் என்றுதான் அவையும் முழங்கின.

2016இன் சரிவுக்குக் காரணம் நாணயக் கொள்கை அல்ல, வெடிகுண்டு என்ற மறுப்பு வலுவானது. அவ்வாண்டு பிப்ரவரியில் ‘நைஜர் டெல்டா அவெஞ்சர்ஸ்’ என்ற குழு ஃபோர்கடோஸ் ஏற்றுமதி முனையத்தின் கடலடிக் குழாயைத் தகர்த்தது. அடுத்தடுத்த தாக்குதல்களில் உற்பத்தி நாளுக்கு 14 லட்சம் பீப்பாய் அளவுக்கு இறங்கியது. எண்ணெய்த் துறை மட்டும் சுமார் 14 விழுக்காடு சுருங்கியது. மொத்தச் சரிவில் பெரும்பங்கு அதனுடையதே. இதை ஏற்றுக்கொண்டுதான் பேச வேண்டும். ஆனால் உற்பத்தித் தொழில்கள் 2015இலேயே, குண்டு வெடிப்பதற்கு முன்பே, சுருங்கத் தொடங்கிவிட்டன. 2016இல் மேலும் 4 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கின. மூலப்பொருளுக்கு டாலர் கிடைக்காமல் ஆலைகள் நின்றன. விற்ற பயணச்சீட்டுப் பணத்தை நாட்டைவிட்டு எடுத்துச்செல்ல முடியாமல் ஐபீரியா, யுனைடெட் ஆகிய விமான நிறுவனங்கள் நைஜீரியச் சேவையையே நிறுத்தின. குண்டு வெடித்ததும் தானாக வெடிக்கவில்லை. 2009இல் ஆயுதத்தைக் கீழே வைத்த கழிமுக இளைஞர்களுக்கு மாதம்தோறும் பணம் தரும் மன்னிப்புத் திட்டம் இருந்தது. வடக்கைச் சேர்ந்த புதிய அதிபர், வருவாய் சுருங்கிய நேரத்தில், அந்த ஒதுக்கீட்டில் பெரும்பகுதியை வெட்டினார். மேல்தட்டுக்கான டாலர் சலுகை தொடர்ந்தது. கழிமுகக் கிராமங்களுக்கான பணம்தான் முதலில் நின்றது. சரிவுக் காலத்தில் எந்தச் செலவை வெட்டுவது என்பது ஓர் அரசியல் தேர்வு. குழாய்கள் வெடித்ததை அத்தேர்விலிருந்து பிரித்துப் பார்ப்பது கடினம்.

மதிப்பைக் குறைத்தால் ஏழையின் சோற்றுத்தட்டில் அடி விழும் என்பது புஹாரியே அடிக்கடி சொன்ன வாதம். 2016 ஜனவரியில் 9.6 விழுக்காடாக இருந்த பணவீக்கம் மே மாதத்தில் 15.6ஐத் தொட்டது. அந்த ஐந்து மாதங்களில் அரசு விகிதம் 197ஐ விட்டு அசையவில்லை. பெட்ரோல் விலையும் மின்கட்டணமும் ஏறியது இதற்கு ஒரு காரணம்தான். ஆனால் சந்தையில் விற்ற அரிசிக்கும் துணிக்கும் விலை வைத்தவர்கள் எந்த டாலரை வாங்கினார்களோ அந்த விலையில்தான் வைத்தார்கள், அது வெளிச்சந்தை டாலர். சவூதி அரேபியா மட்டும் 1986 முதல் தன் ரியாலை ஒரே விகிதத்தில் வைத்திருக்கவில்லையா என்ற கேள்விக்குப் பதில் எளிது. 2014இல் அதன் கையிருப்பு 70,000 கோடி டாலருக்கு மேல்; இரண்டே ஆண்டுகளில் சுமார் 20,000 கோடியைச் செலவழித்து விகிதத்தைக் காப்பாற்ற அதனால் முடிந்தது. ஆறு மடங்கு மக்களைக் கொண்ட நைஜீரியாவின் கையிருப்போ 3,400 கோடியைச் சுற்றியே இருந்தது.

இதன்பின் வந்த ஆறேழு ஆண்டுகளை விரைந்து கடக்கலாம். முன்பு பார்த்தவைதான் மறுபடி வந்தன. 2017இல் முதலீட்டாளருக்கு ஒரு விகிதம், சிறுதொழிலுக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று என்று பல சன்னல்கள் திறக்கப்பட்டன. 2019 ஆகஸ்டில் அரிசிக் கடத்தலைத் தடுக்க நில எல்லைகள் மூடப்பட்டு, 2020 டிசம்பர் வரை மூடியே கிடந்தன. 2022இல் பெட்ரோல் மானியத்துக்கு மட்டும் 4 லட்சம் கோடி நைராவுக்கு மேல் போனது. நாளுக்கு ஏறத்தாழ நாலரை லட்சம் பீப்பாய் அளவுக்குச் சுத்திகரிக்கும் திறன் காகிதத்தில் கொண்ட போர்ட் ஹார்கோர்ட், வாரி, கடூனா அரசு ஆலைகள் செயலற்றுக் கிடக்க, கச்சாவை விற்றுப் பெட்ரோலை இறக்குமதி செய்து, அதை வாங்கிய விலைக்கும் குறைவாக விற்றது அந்த நாடு. மலிவு பெட்ரோலில் ஒரு பகுதி பெனினுக்கும் நைஜருக்கும் கேன்களில் கடந்துபோனது. 2022இல் எண்ணெய் விலை ஏறியபோது பெட்ரோல் இறக்குமதிச் செலவும் ஏறி, வந்த லாபத்தை மானியமே விழுங்கிவிட்டது. குழாய்களில் திருட்டு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. பற்றாக்குறைக்கு மத்திய வங்கி நோட்டடித்துக் கொடுத்த கடன் 22 லட்சம் கோடி நைராவைத் தாண்டியது. 2022 அக்டோபரில் புஹாரி அரசு மீண்டும் நோட்டுகளை மாற்றுவதாக அறிவித்தது. 1984இல் செய்த அதே காரியம். 2023 பிப்ரவரித் தேர்தல் நேரத்தில் வங்கி வாசல்களில் மக்கள் ரொக்கத்துக்கு அடித்துக்கொண்டார்கள். மார்ச்சில் உச்ச நீதிமன்றம் குறுக்கிட வேண்டியதாயிற்று.

இதுவரை சொன்ன வாதத்துக்கு வலுவான சோதனை 2023 மே 29க்குப் பிறகு வந்தது. போலா டினுபு பதவியேற்பு உரையிலேயே பெட்ரோல் மானியம் முடிந்தது என்றார். 200 நைராவுக்குக் கீழே இருந்த லிட்டர் விலை சில நாள்களில் 500ஐத் தொட்டது. இரண்டு வாரத்தில் எமிஃபியெலே இடைநிறுத்தப்பட்டு, நைரா சந்தைக்கு விடப்பட்டது. 470ஐ ஒட்டியிருந்த டாலர் 2024 பிப்ரவரிக்குள் 1,500ஐத் தாண்டியது. 2024 இறுதியில் பணவீக்கம் 34 விழுக்காட்டுக்கும் மேல். 2015இல் 18,000 நைராவாக இருந்த குறைந்தபட்ச ஊதியம் அரசு விகிதத்தில் 91 டாலர். 2024இல் 70,000 நைராவாக உயர்த்தப்பட்டபின் அது 47 டாலர்கூட இல்லை. மதிப்பைக் குறைக்கச் சொன்னவர்களின் மருந்து இதுதானா என்று கேட்பவர்களைத் தட்டிக்கழிக்க முடியாது. ஒரு பகுதிப் பதில் காலத்தில் இருக்கிறது. எட்டாண்டு அச்சடித்த பணமும், மத்திய வங்கி தருவதாக வாக்களித்துத் தராமல் வைத்திருந்த ஏறத்தாழ 700 கோடி டாலர் பாக்கியும் ஒரே வீச்சில் நைராவின் மேல் விழுந்தன. 2015இல் இறக்கியிருந்தால் இறங்கியிருக்கும் தூரம் இதில் ஒரு பகுதியே. மறுபகுதி டினுபு அரசின் பிழை. மானியத்தையும் விகிதத்தையும் ஏறத்தாழ பதினைந்து நாளில் விட்டுவிட்டு, ஏழைக் குடும்பங்களுக்கு நேரடிப் பணம் தரும் ஏற்பாட்டைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். அந்தத் திட்டமும் 2024 ஜனவரியில் துறை அமைச்சரே முறைகேட்டுப் புகாரில் இடைநிறுத்தப்பட்டபோது முடங்கியது. ஆகஸ்டில் காணோவிலும் அபுஜாவிலும் இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சரியான முடிவைத் தவறான வரிசையில் எடுப்பதற்கும் மனித உயிர்கள் விலையாகின்றன என்பதைப் பொருளாதார அறிஞர்கள் அடிக்குறிப்பில் தள்ளிவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் ஏன் ஒவ்வோர் ஆட்சியும் இப்படித் தள்ளிப்போட்டுப் பிறகு தலைகீழாகக் குதிக்கிறது? மலிவு டாலரில் கொழித்தவர்கள் சில ஆயிரம் பேர் மட்டும் என்றால் தொழிற்சங்கங்கள் அதைக் காத்து நின்றிருக்காது. நைஜீரியாவின் வரி வசூல் நீண்டகாலமாக மொத்த உற்பத்தியில் 6 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. உலகின் அடிமட்ட அளவுகளில் ஒன்று. வரி கட்டாத குடிமகனுக்கு அரசோடு இருக்கும் உறவு பெட்ரோல் பங்கிலும் நைராவின் விலையிலும்தான். எண்ணெயில் தனக்குள்ள பங்கு என்று அவர் கண்ணால் கண்டது அவை இரண்டை மட்டுமே. சாலை, பள்ளி, மின்சாரம் எதுவும் ஒழுங்காக வராத இடத்தில், இருக்கும் ஒன்றையும் விட்டுக்கொடு, பின்னால் பள்ளி வரும் என்று சொன்னால் அவர் நம்ப மறுப்பது பகுத்தறிவான செயல். 2012 ஜனவரியில் மானியத்தை நீக்கியபோது நாடே ஸ்தம்பித்ததும் இதனால்தான். 1986க்குப் பின் நாணயம் சந்தைக்கு விடப்பட்டும் நோய் தீராததற்கும் காரணம் இங்கே இருக்கிறது. வளைகுடாப் போர் கொண்டுவந்த விலையேற்றம் உட்பட 1,240 கோடி டாலர் தனிக் கணக்குகள் வழியாகச் செலவழிக்கப்பட்ட விதத்தைப் பொருளாதார அறிஞர் பியஸ் ஒகிக்போ தலைமையிலான குழு 1994இல் சுட்டிக்காட்டியது. விகிதத்தைத் திருத்தினால் ஒரு பின்வாசல் அடைபடும். கேள்வி கேட்கும் குடிமக்கள் இல்லாவிட்டால் ஆட்சியாளர்கள் அடுத்ததைத் திறந்துகொள்வார்கள்.

இதற்கு நைஜீரியாவிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. 2004இல் புதிய உள்ளாட்சிகளை உருவாக்கிய தகராறில் அப்போதைய அதிபர் ஒபசாஞ்சோ, லாகோஸ் உள்ளாட்சிகளுக்கான பணத்தை நிறுத்தினார். எண்ணெய்ப் பங்கில் ஒரு வாய்க்கால் அடைபட்ட லாகோஸ் மாநிலம் வரி வசூலில் இறங்கியது. சில ஆண்டுகளில் அதன் சொந்த வருவாய் பல மடங்காகி, இன்று அபுஜாவிலிருந்து வருவதைவிடத் தானே திரட்டுவது அதிகம். வரி கட்டத் தொடங்கியவர்கள் சாலையையும் பேருந்துத் தடத்தையும் கேட்கவும் தொடங்கினார்கள். லாகோஸின் வரி வசூலிப்பிலும் தனியார் தரகு நுழைந்த கதை உண்டு. அதைத் தூய்மையின் சின்னமாக்க வேண்டியதில்லை. அன்று லாகோஸ் ஆளுநராக இருந்தவர் டினுபு. 2025 ஜூனில் அவர் கையெழுத்திட்ட நான்கு வரிச் சட்டங்கள் அந்த அனுபவத்தை நாடு முழுக்கக் கொண்டுபோகும் முயற்சி. அதற்கு வந்த எதிர்ப்பு கவனிக்கத்தக்கது. மதிப்புக் கூட்டு வரியில் மாநிலங்களுக்கான தொகையில் 60 விழுக்காட்டைப் பொருள் நுகரப்படும் இடத்துக்கே தருவது என்ற முன்மொழிவை வடக்கின் ஆளுநர்கள் எதிர்க்க, அது 30ஆகக் குறைந்தது. வரி விகிதத்தை உயர்த்தும் யோசனையும் கைவிடப்பட்டது. எண்ணெயைப் பங்கிடுவதில் ஆண்டாண்டாகப் பழகிய மாநிலங்களுக்கு வரியைத் திரட்டுவது பற்றிப் பேசுவது புதிது. பேரமாவது பகிரங்கமாக நடந்தது என்பதை நான் முன்னேற்றமாகவே பார்க்கிறேன்.

2025 பட்ஜெட் பீப்பாய்க்கு 75 டாலரையும் நாளுக்கு 20 லட்சம் பீப்பாய்க்கு மேல் உற்பத்தியையும் நம்பி எழுதப்பட்டது. ஏப்ரலில் விலை 60களுக்கு இறங்கியது. உற்பத்தியும் அந்த இலக்கை எட்டவில்லை. இன்னொரு சரிவின் தொடக்கம் இது என்றால், 2014ஐவிட நைஜீரியா சில வகைகளில் மேலான நிலையில் இருக்கிறது. லாகோஸை ஒட்டிய லெக்கியில் தொழிலதிபர் டாங்கோட்டேவின் ஆறரை லட்சம் பீப்பாய் சுத்திகரிப்பு ஆலை 2024 முதல் பெட்ரோல் தருகிறது. இறக்குமதிக்குப் போகும் டாலர் குறைகிறது, ஒரே தனியார் முதலாளியின் கையில் நாட்டின் எரிபொருள் சேர்கிறது என்ற புதிய கவலையோடு. நைரா இறங்கியதால் மாநிலங்களின் மாதப் பங்கும் நைராக் கணக்கில் பெருகியது: 2024இல் மூன்று அடுக்குகளுக்கும் பகிரப்பட்ட தொகை முந்தைய ஆண்டைவிட 40 விழுக்காட்டுக்கும் மேல் அதிகம். மாநில ஆளுநர்களுக்கு இன்று மலிந்த நைராவில் நேரடி ஆதாயம் இருக்கிறது. எந்தப் பொருளாதார உபதேசத்தையும்விட இது வலுவான காப்பு. எதிர்ப்பக்கத்தில் 2027 தேர்தல் நிற்கிறது. ஒலயெமி கர்டோசோ தலைமையில் மத்திய வங்கி கட்டியெழுப்பிய கையிருப்பு 2025இன் பிற்பகுதியில் 4,000 கோடி டாலரைத் தாண்டியது. வாக்குப்பதிவுக்கு முன்னால் எண்ணெய் விலை 50 டாலரை நோக்கி இறங்கி, சந்தைகளில் அரிசி மூட்டையின் விலை மறுபடி ஏறத் தொடங்கினால், அந்தக் கையிருப்பைக் கொட்டி நைராவை 1,500இல் நிறுத்தச் சொல்லும் அழுத்தம் ஆளுங்கட்சிக்குள்ளிருந்தே வரும். அதற்கு டினுபு இணங்குவாரா என்பதை எண்ணெய்ச் சந்தையைப் பார்த்துச் சொல்ல முடியாது. லாகோஸ் தெருமுனைகளில் டாலர் மாற்றும் தரகர்கள் கேட்கும் விலைக்கும் வங்கி விலைக்கும் இடையிலான இடைவெளி விரியத் தொடங்குகிறதா என்று பார்த்தால் சில வாரங்களிலேயே தெரிந்துவிடும்.